ஜன்னலைவிடப் பெட்டி பெரிது: மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை

செப்டம்பர் 11, 2019, புதன்: மாஸ்கோ, தனீலவ், பலெஸினோ

மாஸ்கோவின் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்திலிருந்து நள்ளிரவுக்குப் பின், சைபீரியாவைக் குறுக்காகக் கடந்து கிழக்குக் கடற்கரையிலுள்ள விளாதிவஸ்தோக்குக்குச் செல்லும் வண்டி புறப்பட்ட சிறிது நேரத்திலேயே என் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டு உடைக்கு மாறிவிட்டனர். கோட்டும் காலணியுமாக ஏறிய நடுவயதுக்காரர் ஒருவர் கால் மணி நேரத்தில் பனியனும் ரப்பர்ச் செருப்புமாக நடைபாதையில் உலவிக்கொண்டிருந்தார். ஒரு வாரப் பயணத்தை அவர் பயணமாகக் கருதவில்லை, குடிபோதலாகக் கருதினார் என்பது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ ஜன்னலோர இடம் கிடைத்ததா என்பதில் மட்டுமே கண்ணாக இருந்தேன்.

நான் தேர்ந்தெடுத்தது புகழ்பெற்ற ‘ரோசியா’ வண்டியை அல்ல. அதைவிட மெதுவாக, அதிக நிலையங்களில் நின்று செல்லும் வண்டியில் மூன்றாம் வகுப்பை. ‘பிளாத்ஸ்கார்த்’ எனப்படும் இவ்வகுப்பில் அறைகளோ கதவுகளோ கிடையா; ஒரே நீண்ட கூடத்தில் 54 படுக்கைகள். நம் ஸ்லீப்பர் பெட்டியைப் போலவே ஒருபுறம் எதிரெதிராகவும் மறுபுறம் ஜன்னலையொட்டிப் பக்கவாட்டிலும் படுக்கைகள் அமைந்திருப்பதால், எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. அந்நியமாகத் தோன்றியது அமைதி. ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் எவரும் குரலை உயர்த்தவில்லை. கைப்பேசியில் பாட்டு ஒலிக்கவில்லை. விரிப்பு, தலையணை உறை, சிறு துண்டு ஆகியவை முத்திரையிட்ட பொட்டலத்தில் வந்தன. ஒவ்வொருவரும் தத்தம் மெத்தையை விரித்து, உறையிட்டு, ஓசையின்றிப் படுத்துக்கொண்டனர்.

பெட்டியின் ஆட்சி ‘ப்ரவத்னீத்சா’ எனப்படும் பொறுப்பாளரின் கையில் இருக்கிறது. இருவர் முறைவைத்துப் பணியாற்றினர். எங்கள் பகல்நேரப் பொறுப்பாளருக்கு ஐம்பது வயதிருக்கும். சிரிப்பு அவருடைய கடமைகளில் ஒன்றன்று. ஆனால் தரை நாளுக்கு இருமுறை துடைக்கப்பட்டது, கழிப்பறையில் தாள் ஒருபோதும் தீரவில்லை, என்னை இறக்கிவிட வேண்டிய நிலையம் இன்னும் ஒரு வாரத் தொலைவில் இருந்தபோதும் ஒவ்வொரு நிலையத்திலும் என் முகத்தை எண்ணிய பிறகே அவர் கதவை மூடினார். பெட்டியின் ஒரு முனையில் கொதிநீர்க் கலன் ஒன்று இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்நீர் இலவசம். அவரிடம் தேநீர் வாங்கினால் 50 ரூபிள் (ஒரு ரூபிள் அன்று நம் ரூபாயைவிடச் சற்றே அதிகம்). உலோகப் பிடியில் நிறுத்திய கண்ணாடிக் குவளையில் பால் இல்லாமல் வரும். குலுங்கும் வண்டியில் சூடான கண்ணாடியைப் பிடிக்க அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

விடியலில் தனீலவ் என்ற சிற்றூரில் வண்டி நீண்ட நேரம் நின்றது. காரணம் எளியது: மாஸ்கோவிலிருந்து அதுவரை மேலே செல்லும் கம்பியில் நேர்மின்சாரம், அங்கிருந்து மாறுமின்சாரம், எனவே எஞ்சினை மாற்ற வேண்டும். இரவில் பலெஸினோவில் மீண்டும் அதே வேலை, இம்முறை மாறுமின்சாரத்திலிருந்து நேர்மின்சாரத்துக்கு. இந்தத் தொழில்நுட்பச் செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அது சாப்பாட்டைப் பற்றிய செய்தி. எஞ்சின் மாறும் நிலையத்தில்தான் இறங்கி நடக்க நேரம் இருக்கும். நேரம் இருக்கும் நிலையத்துக்குத்தான் உள்ளூர்ப் பெண்கள் கூடையுடன் வருவார்கள். தனீலவில் உருளைக்கிழங்கு வைத்த ரொட்டிப் பண்டமான பிரோஷ்கி ஒன்று 50 ரூபிள்; துணியால் மூடிய பாத்திரத்திலிருந்து எடுத்துத் தந்தபோது கை சுட்டது. மாஸ்கோவில் அதைவிட மூன்று மடங்கு கொடுத்துத் தின்றது அதன் பக்கத்தில் நிற்காது.

கிரோவில் ஏறிய எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் என் எதிர்ப் படுக்கைக்கு வந்து சேர்ந்தார். சித்தாவில் மகள் வீட்டுக்குப் போகிறார். மூன்று பெரிய கண்ணாடிச் சாடிகள், ஒரு வாளி, ஒரு துணிமூட்டை. வாளியில் என்ன என்று நான் பார்ப்பதைக் கண்டு மூடியைத் திறந்து காட்டினார்: தம் தோட்டத்து ஆப்பிள்கள். இரண்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் யார் என்று கேட்டார்.

செப்டம்பர் 12, வியாழன்: உரால், தியுமென், ஓம்ஸ்க்

மாஸ்கோவிலிருந்து 1,777 ஆவது கிலோமீட்டரில், ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் எல்லையைக் குறிக்கும் தூண் ஒன்று தண்டவாளத்தின் அருகே நிற்கிறது. அதைப் பார்ப்பதற்காக அரையிருட்டில் விழித்து நின்றேன். வெண்ணிறத் தூண் ஒரு நொடி தென்பட்டு மறைந்தது. அதற்கு முன்பு இருந்தது ஊசியிலை மரம், பின்பு வந்ததும் ஊசியிலை மரம். உரால் மலைத்தொடரை நான் பள்ளி வரைபடத்தில் தடித்த பழுப்புக் கோடாக வரைந்திருக்கிறேன். வண்டி அதைத் தாண்டுவதற்குப் பெரிதாக மூச்சுக்கூட வாங்கவில்லை. கண்டம் மாறியதற்கு விழித்திருந்த ஒரே சாட்சி நான்தான். பாட்டியின் குறட்டை ஐரோப்பாவில் தொடங்கி ஆசியாவில் தடையின்றித் தொடர்ந்தது.

பகல் முழுவதும் மேற்குச் சைபீரியச் சமவெளி. இதைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். நீண்ட தொடர்வண்டிப் பயணத்தின் அழகைப் பாடுவோர் எல்லாரும் ஜன்னலைப் பாடுகிறார்கள். இந்த ஜன்னலில் பத்து மணி நேரத்துக்குப் பிர்ச்சு மரங்கள், சதுப்பு, மீண்டும் பிர்ச்சு மரங்கள், எப்போதாவது பச்சை அல்லது நீலச் சட்டமிட்ட ஜன்னல்களுடன் மரவீடுகள் மட்டுமே. இலைகள் மஞ்சளாகத் தொடங்கிய பருவம் என்பதால் முதல் மணி நேரம் மயங்கிப்போய்ப் பார்த்தேன். மூன்றாம் மணி நேரத்தில் படமெடுப்பதை நிறுத்தினேன். ஐந்தாம் மணி நேரத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், அப்போதுதான் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினேன்.

மேல் படுக்கைக்காரர் பகலில் எங்கே உட்காருவார் என்ற கேள்விக்கு இங்கே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. உண்ணும் நேரத்தில் கீழ்ப் படுக்கைக்காரர் தம் மெத்தையைச் சுருட்டி இடம் தர வேண்டும்; உண்டு முடித்ததும் மேல் படுக்கைக்காரர் கேட்காமலேயே எழுந்துவிட வேண்டும். என் தலைக்கு மேலே இருந்தவர் பெர்மில் ஏறியவர், ஸ்கவரதினோ வரை செல்கிறார். அதற்கும் வடக்கே சுரங்கத்தில் இரண்டு மாத வேலை, பின்பு ஒரு மாத விடுப்பு. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி நகரங்களை ஒட்டி மட்டுமே உயிர்பெற்றதால், எங்கள் உரையாடல் நிலையங்களுக்கு அருகே இலக்கியத் தரத்திலும், காட்டுக்குள் கைச்சாடையிலும் நடந்தது. விமானத்தில் போகலாமே என்று தியுமெனில் கேட்டேன். அதற்கான விடை, தொடர்பு அறுந்துபோனதால், ஓம்ஸ்க் நெருங்கும்போதுதான் வந்தது: விமானத்தில் போனால் மறுநாளே வேலைக்குப் போக வேண்டும், இங்கே நான்கு நாள்கள் எவரும் அவரை எதற்கும் கூப்பிட முடியாது. இந்தப் பயணத்தின் கவர்ச்சியைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் மிகச் சரியானது இதுவே.

உணவுப்பெட்டியில் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தேன். பீட்ரூட் சூப்பும் ரொட்டியும் 350 ரூபிள். சூப் நன்றாக இருந்தது, கூடம் காலியாக இருந்தது. பெட்டியில் ஒருவரும் அங்கே போவதில்லை. அவரவர் கொண்டுவந்த வேகவைத்த முட்டை, வெள்ளரிக்காய், கோழி, கறுப்பு ரொட்டி, கொதிநீர் ஊற்றிய நூடுல்ஸ் ஆகியவற்றைச் சிறு மேசையில் பரப்பி, பக்கத்தில் இருப்பவரையும் உட்காரச் சொல்லி உண்கின்றனர். தனியாகத் தின்பது அங்கே சற்று அநாகரிகமாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 13, வெள்ளி: நோவசிபிர்ஸ்க், மரியின்ஸ்க், கிராஸ்நயார்ஸ்க்

காலையில் ஓப் ஆற்றைக் கடந்தோம். இந்த ஆற்றின் மேல் இருப்புப்பாதைப் பாலம் கட்டத் தொடங்கிய 1893 இல், பாலத் தொழிலாளரின் குடியிருப்பாகப் பிறந்த ஊர்தான் நோவசிபிர்ஸ்க். இன்று மக்கள்தொகையில் ரஷ்யாவின் மூன்றாவது நகரம், 16 இலட்சத்துக்கும் மேல். ஊர்களை இணைக்கப் பாதை போட்டார்கள் என்றே நாம் நினைக்கிறோம். இங்கே பாதை முதலில் வந்தது. ஊர் அதன் பின்னால் வந்து உட்கார்ந்தது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாஸ்கோவுக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் ஏழு மணி நேர வேறுபாடு. 2018 ஆகஸ்ட் வரை நாடு முழுவதும் பயணச்சீட்டுகளில் மாஸ்கோ நேரமே அச்சிடப்பட்டது. இப்போது அந்தந்த ஊரின் நேரம். விமானத்தில் ஒரே அடியாக விழும் அந்த ஏழு மணி நேரம், இங்கே நாளுக்கு ஒன்று, சில நாளில் இரண்டு என்று கழிகிறது. உடல் வருந்தவில்லை. ஆனால் வயிறு குழம்பிவிட்டது. பாட்டி கிரோவ் நேரத்தில் உண்டார், சுரங்கத்துக்காரர் பெர்ம் நேரத்தில், நான் இருவரும் அழைத்தபோதெல்லாம்.

அன்றைய விபத்து மதியத்தில் நிகழ்ந்தது. வண்டி ஒரு வளைவில் குலுங்கியதில், மேல் தட்டில் வைத்திருந்த பாட்டியின் சாடிகளில் ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. உள்ளே உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய். பூண்டும் சோயிக்கீரை விதையும் கலந்த நீர் மூன்று படுக்கைகளின் அடியில் ஓடியது. என் பையின் ஒருபுறம் நனைந்தது. நான் எதிர்பார்த்தது ஒரு சண்டையை. நடந்தது வேறு: பக்கவாட்டுப் படுக்கையிலிருந்த இளைஞர்கள் இருவர் சொல்லாமலேயே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினர்; பொறுப்பாளர் துடைப்பத்துடன் வந்து, பாட்டியிடம் ஒரு நீண்ட கண்டிப்பு உரை நிகழ்த்தினார்; உரை முடிந்ததும் அவருக்கு ஒரு குவளைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார், காசு வாங்கவில்லை. பாட்டி தேநீரைக் குடித்துக்கொண்டே, மீந்த இரண்டு சாடிகளையும் தம் கால்மாட்டில் துணியால் சுற்றிக் கட்டினார். அந்தப் பூண்டு மணம் சித்தா வரைக்கும், ஏன், என் பையைப் பொறுத்தவரை விளாதிவஸ்தோக் வரைக்கும் எங்களுடன் வந்தது.

மரியின்ஸ்கில் மீண்டும் மின்சாரம் மாற, எஞ்சின் மாற, நாங்கள் இறங்கி ஐஸ்கிரீம் தின்றோம். காற்று நடுங்க வைத்தது; வரிசையில் நின்றவர் எவருக்கும் அது பொருட்டாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 14, சனி: இர்குட்ஸ்க், ஸ்லுத்யான்கா, பைக்கால்

இன்றைய ஜன்னலைக் குறை சொல்ல முடியாது. இர்குட்ஸ்க் தாண்டியதும் வண்டி மலைக்காட்டில் ஏறி, பின்பு வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு இடையே நீலம் ஒரு கீற்றாகத் தெரிந்து மறைந்து, கடைசியில் ஏரி முழுவதுமாகத் திறந்தது. 1,642 மீட்டர் ஆழம். உலகிலேயே ஆழமான ஏரி. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் உள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதில் இருக்கிறது. மாலை வெயிலில் தட்டையாக, அசைவின்றிக் கிடந்தது. நான்கு நாள் முகங்கொடுக்காத பொறுப்பாளர் நடைபாதையில் வந்து, ஜன்னல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

இந்தப் பாதை 1891 இல் தொடங்கப்பட்டபோது பொறியாளர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது இந்த ஏரிதான். கரையோரப் பாறைகளைக் குடைந்து வழியமைக்கும் வரை, தொடர்வண்டிப் பெட்டிகளையே பனியுடைக்கும் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்தனர். ரஷ்ய-ஜப்பானியப் போர் மூண்ட 1904 குளிர்காலத்தில் கப்பலாலும் முடியாமல்போக, உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டுப் பெட்டிகளைக் குதிரைகளால் இழுத்தனர். அந்தக் கரையைச் சூடான தேநீருடன், செருப்பணிந்த கால்களை நீட்டிக்கொண்டு கடப்பது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

ஸ்லுத்யான்கா நிலையம் பளிங்கால் கட்டப்பட்டது. அதை நின்று பார்க்க வழியில்லை. வண்டி இரண்டே நிமிடம் நின்றது. வாசலில் நின்ற ஒரு பெண் தாளில் சுற்றிய புகையூட்டிய மீனை நீட்டினார், 200 ரூபிள். ஏரியின் புகழ்பெற்ற ஓமுல் மீனை வணிகத்துக்காகப் பிடிப்பதற்கு 2017 அக்டோபர் முதல் தடை இருந்ததால், அது என்ன மீன் என்று கேட்டேன்; அவர் புன்னகைத்தார், அவ்வளவுதான். 500 ரூபிள் தாளை நீட்டிய அதே நொடியில் வண்டி நகர்ந்தது. பொறுப்பாளர் படியைத் தூக்கி என்னை உள்ளே தள்ளினார். மீதி 300 போயிற்று என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அந்தப் பெண்ணோ கனத்த உடலுடன் நடைமேடையில் ஓடிவந்து, மூடப்போகும் கதவின் இடுக்கில் மூன்று நூறு ரூபிள் தாள்களைப் பொறுப்பாளரின் கையில் திணித்தார். மூச்சிரைக்க அவர் கத்தியது வாழ்த்தா திட்டா என்று சுரங்கத்துக்காரரிடம் கேட்டேன். இரண்டும்தான் என்று விரல்களால் காட்டினார்.

மீன் கொழுப்பும் புகையுமாக அருமையாக இருந்தது. நால்வர் உண்டோம், எலும்பைப் பாட்டி செய்தித்தாளில் சுருட்டினார்.

செப்டம்பர் 15, 16, ஞாயிறு, திங்கள்: சித்தா, மோகோச்சா, ஸ்கவரதினோ

இரு நாள்களைச் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் இவற்றுக்கு இடையே கோடு போட என்னால் முடியவில்லை. சித்தாவில் காலையில் பாட்டி இறங்கினார். வெளியே உறைபனிக்குச் சற்று மேலே. மூச்சு புகையாகத் தெரிந்தது. சாடிகளை இளைஞர்கள் இறக்கினர், மூட்டையைச் சுரங்கத்துக்காரர், வாளியை நான். மகள் எங்கள் நால்வருக்கும் கைகொடுத்தார். வாளி பாதி காலியாக இருந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியாது.

பாட்டியின் படுக்கைக்கு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. வந்ததும் ஒரு நூலைத் திறந்தவர், இறங்கும் வரை மூடவில்லை. பெட்டியின் இயல்பே மாறிப்போனது. ஒரு மனிதர் இறங்குவதால் ஒரு தெரு காலியாவது இங்கேதான் நடக்கும்.

தண்டவாளம் இங்கதா ஆற்றையும் பின்பு ஷில்கா ஆற்றையும் ஒட்டிச் செல்கிறது. லார்ச்சு மரங்கள் பொன்னிறமாக மாறியிருந்தன. மலைச்சரிவுகளின் நிறத்தை விவரிக்கப்போனால் மிகையாகிவிடும். அடியில் நிரந்தரமாக உறைந்த மண். அது கோடையில் மேலே இளகி நெளிவதால் கம்பங்கள் சாய்ந்து நிற்கின்றன, வண்டியும் பல இடங்களில் வேகம் குறைத்துச் செல்கிறது. கடவுள் சோச்சியைப் படைத்தார், சைத்தான் மோகோச்சாவைப் படைத்தான் என்று ரஷ்யர் சொல்வதுண்டு. சோச்சி வெயிலும் கடற்கரையுமான தென்னகரம். மோகோச்சாவில் இரவில் இறங்கி நின்றபோது, சைத்தான் நிலக்கரிப் புகையைத் தாராளமாகவே தந்திருக்கிறான் என்று தோன்றியது. அந்தப் புகையில் ஒரு பகுதி எங்களுடையது. பெட்டியைச் சூடாக்கும் அடுப்பில் பொறுப்பாளர் தம் கையாலேயே கரி அள்ளிப் போடுகிறார்.

குளியல் ஒரு பிரச்சினை. எங்கள் வகுப்பில் குளியலறை இல்லை. பணியாளர் பெட்டியில் 150 ரூபிளுக்குக் குளிக்கலாம் என்று அறிந்து, துண்டுடன் ஐந்து பெட்டிகளைக் கடந்து போனேன். உடலில் சோப்பைத் தேய்த்து முடித்த பிறகு நீர் நின்றது. கதவுக்கு வெளியே யாரோ எதையோ திருகினர். மீண்டும் வந்தது, இம்முறை பனிநீராக. திரும்பி வரும்போது ஐந்து பெட்டிகளின் மக்களும் என் நிலையைக் கண்டனர். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அந்தப் பண்பாட்டை நான் மெச்சுகிறேன்.

திங்கள் காலை ‘எரஃபேய் பாவ்லவிச்’ என்ற நிலையம் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அமுர் ஆற்றுப் பகுதியில் அலைந்த கபாரவ் என்பவரின் முதற்பெயரும் தந்தைவழிப் பெயரும் இந்தச் சிற்றூருக்கு. அவருடைய குடும்பப் பெயர் மறுநாள் வரப்போகும் பெருநகரமான கபரோவ்ஸ்குக்கு. ஒரே மனிதரின் பெயரை முழுதாகப் படித்து முடிக்க ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்கவரதினோவில் சுரங்கத்துக்காரர் இறங்கினார். முந்தைய நாளே சவரம் செய்து, பையைக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதே அவர் எங்களுடன் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்: பிரபிஜான், கபரோவ்ஸ்க்

மழை. பிரபிஜான் நிலையத்தின் பெயர்ப்பலகையில் ரஷ்ய எழுத்துகளுடன் ஹீப்ரு எழுத்துகளும் இருக்கின்றன; 1934 இல் சோவியத் அரசு யூதர்களுக்கென அமைத்த தன்னாட்சி வட்டாரத்தின் தலைநகரம் இது, எழுத்து ஹீப்ருவானாலும் மொழி ஐரோப்பிய யூதர்கள் பேசிய இட்டிஷ். மாலையில் அமுர் ஆறு. பழுப்பு நீர் கரை தெரியாமல் பரந்து கிடந்தது. இங்கே பாலம் கட்டி முடிந்த 1916 இல்தான் ரஷ்ய மண்ணிலேயே ஓடும் முழுப்பாதை நிறைவுற்றது. தொடங்கிய நாளிலிருந்து கால் நூற்றாண்டு.

பெட்டியில் மாஸ்கோவிலிருந்து வந்தவர்கள் இப்போது ஆறே பேர். கபரோவ்ஸ்கில் ஏறியவர்கள் ஓரிரவுப் பயணிகள். காலணியைக் கழற்றவில்லை, சத்தமாகப் பேசினர், மேல் படுக்கைக்காரர் ஒருவர் கேட்காமலேயே என் மெத்தையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் தோலை மேசையில் குவித்தார். எனக்கு வந்த எரிச்சல் எனக்கே வியப்பாக இருந்தது. பொறுப்பாளர் அவரைக் கடந்து சென்றவர் நின்று, தோலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோலைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

செப்டம்பர் 18, புதன்: விளாதிவஸ்தோக்

விடியலுக்கு முன்பே எழுப்பிவிட்டனர். விரிப்பு, உறைகள், துண்டு எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தோம். கழிப்பறை நகரம் வருவதற்கு நெடுநேரம் முன்பே பூட்டப்பட்டது. நடைமேடையில் 9288 என்ற எண் பொறித்த கம்பம் நிற்கிறது. மாஸ்கோவிலிருந்து அத்தனை கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகள் மூவர் மட்டுமே அதனருகே படமெடுத்தோம். உள்ளூர்க்காரர்கள் அதில் பையைச் சாய்த்துவைத்துச் சிகரெட்டுக்குத் தீக்குச்சி தேடினர்.

பொறுப்பாளரிடம் விடைபெறப் போனேன். அவர் கையில் வாளியும் துடைப்பமும் இருந்தன. பெட்டியைக் கழுவி, விரிப்புப் பொட்டலங்களை எண்ணி ஏற்றிக்கொண்டு, இதே வண்டியில் மாஸ்கோவுக்குத் திரும்ப வேண்டும். நான் விமானத்தில் திரும்புகிறேன் என்றேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டார். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். கடிகாரத்தை ஏழு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தால், காலையில் கிளம்பி மதியத்துக்குள் மாஸ்கோவில் இருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, என் பையை முகர்ந்து, வெள்ளரிக்காய் என்றார். பிறகு, நான் அவரைப் பார்த்த இத்தனை நாள்களில் முதன்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.